‘அரைப் பேர்’: சொற்றொகுதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அரச அலுவலகங்களுக்கான சொற்றொகுதியைத் தயாரிக்கும் குழுவின் தலைவர், உறுப்பினர்கள் ஆகியோருக்கும், அவ்வலுவலகங்களுக்கு உரைபெயர்ப்பாளர்களைத் தெரிவுசெய்து பயிற்றுவிக்கும் அதிகாரிகளுக்கும்,

நான் உங்களுக்கு அனுப்பிய 43 தோட்டப்புறச் சொற்களின் பட்டியல் சென்ற மாதம் திரும்பி வந்தது. முதற் சொல்லுக்கு எதிரே, “பேர்: ‘பெயர்’ என்பதன் பேச்சு வழக்கு. தனிப் பதிவு தேவையில்லை” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். எஞ்சிய 42 சொற்களையும் ஒரே அடைப்புக்குள் வளைத்து, பக்கத்தில் “கொச்சை” என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்திருந்தீர்கள். பட்டியல் திரும்பி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகள் சிவப்பு மையோடு வாழ்ந்தவள் நான். ஆனால் அந்த முதற் சொல்லுக்கு நீங்கள் எழுதிய குறிப்பை வாய்மூடி ஏற்க என்னால் முடியவில்லை. அந்தக் குறிப்பில் உள்ள அதே தவற்றினால் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒரு பெண் 4,500 ரூபாவுக்காகப் பதினொரு மாதம் அலைந்ததை நான் அறிவேன்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். என் தாயார் 38 ஆண்டுகள் கொழுந்து எடுத்தார். நான் சொல்லப்போகும் பெண், எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் (அறையில்) இருப்பவர். எனக்கு அத்தை முறை. 2022ஆம் ஆண்டில் ஒரு மாதம் அவருடைய சம்பளச் சீட்டில் ஒன்பது நாள்களுக்கு அரைச் சம்பளமே விழுந்திருந்தது. அந்தத் தோட்டத்தில் அப்போது நிறை, அதாவது நாளொன்றுக்கு எடுத்தே ஆகவேண்டிய கொழுந்தின் அளவு, 18 கிலோ. தான் அந்த ஒன்பது நாளும் நிறைக்கு மேல் எடுத்ததாகவும், கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் தராசில் கழித்த பிறகே கணக்கு 16க்கும் 17க்கும் இறங்கியதாகவும் அவர் சொன்னார். கணக்கப்பிள்ளையிடம் கேட்டார், பிறகு சங்கத் தலைவரிடம் கேட்டார், இருவரிடமும் பதில் கிடைக்காததால், தனியாகப் பஸ் ஏறி நகரத்தில் உள்ள ஓர் அரச அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு செய்தார். எங்கள் அத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அவரைப் பொறுத்தவரை அது பெரிய துணிச்சல்.

அன்று தமிழ் தெரிந்த அதிகாரி அங்கே இல்லை. தமிழ் “கொஞ்சம் தெரிந்த” இளம் எழுதுவினைஞர் ஒருவர் உரைபெயர்க்க அழைக்கப்பட்டார். நல்ல பிள்ளை என்றே அத்தை இன்றும் சொல்கிறார். உட்கார நாற்காலி எடுத்துப் போட்டவர் அவர்தான். அத்தை சொன்னது இது: “அந்த மாசம் எனக்கு ஒம்பது அரைப் பேரு போட்டுட்டாங்க ஐயா. நிறை எடுத்த நாளைக்கும் முழுப் பேரு இல்லாமப் பண்ணிட்டாங்க.” கோப்பில் சிங்களத்தில் பதிவானதை நான் பின்னர் கண்ணால் படித்தேன். அதன் பொருள் இது: “தனது பெயர் ஒன்பது இடங்களில் அரைகுறையாக எழுதப்பட்டுள்ளதாகவும், ஆவணங்களில் முழுப் பெயர் இல்லையெனவும் முறைப்பாட்டாளர் தெரிவிக்கின்றார்.”

இதற்குப் பிறகு நடந்ததில் அதிகாரியின் கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் கொடுமை. அவர் அத்தையின் அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் வாங்கி ஒப்பிட்டார். அட்டையில் ஒன்பது எழுத்தில் இருந்த பெயர் சீட்டில் நான்கெழுத்தில் நின்றது. தோட்டத்துக் கணக்கில் பெயரைச் சுருக்கி எழுதுவது புதிய வழக்கமன்று; அத்தையை அவருடைய முழுப்பெயர் சொல்லி அழைத்தவர் எவரும் எங்கள் லயத்தில் இல்லை. முறைப்பாடு கண்முன்னே நிரூபணமாகிவிட்டதாக அதிகாரி நினைத்திருப்பார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் இணைத்துக் கொண்டுவருமாறு பணித்தார். அத்தை பணிந்தார். அரைச் சம்பளத்தைக் கேட்கப் போனவரிடம் பிறப்புச் சான்றிதழ் ஏன் கேட்கப்படுகிறது என்று அவருக்குப் புரியவில்லை; ஆனால் அலுவலகங்கள் கேட்பது எதுவும் எங்களுக்கு எப்போதும் புரிந்ததில்லையாதலால் அதை அவர் ஐயப்படவுமில்லை. ஆறு முறை நகரத்துக்குப் போய் வந்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு பேர் போனது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்த அக்காலத்தில், ஒன்பது அரைப் பேரின் 4,500 ரூபாவை மீட்பதற்காக ஆறு முழுப் பேரின் 6,000 ரூபாவை அவர் இழந்தார். பஸ் கூலியை நான் சேர்க்கவில்லை.

பதினொரு மாதம் கழித்து, பெயர் திருத்தம் நிறைவுற்றதென அவருக்குக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு இவ்வளவும் தெரியவந்தது. “புள்ள, பேரைச் சரியாக்கிட்டாங்களாம். அப்ப அந்த ஒம்பது அரைப் பேரும் எப்ப வரும்?” என்று கேட்டார்.

மறுநாள் அவரோடு நான் போனேன். அரைப் பேர் என்றால் அரைநாட் சம்பளம் என்பதைச் சிங்களத்தில் நான் ஒரு வாக்கியத்தில் சொன்னதும் அதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். தோட்டத்திடம் விளக்கம் கோரினார். அதற்குள் அந்த ஆண்டின் நாள்வேலைப் பதிவுப் புத்தகமான செக்ரோல் எங்கே இருக்கிறது என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

ஐயன்மீர், அம்மணியரே, “பேச்சு வழக்கு” என்று நீங்கள் ஒதுக்கிய சொல் இதுதான். இது தோட்டத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்க எனக்கு இடந்தர வேண்டும். ஏனெனில் உங்கள் குழுவில், காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவர் எவரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விடியற்காலையில் பெரட்டுக் கூடும். யார் வந்தார், யார் எந்த மலைக்கு என்று அங்கேதான் தீர்மானமாகும். (மலை என்பதும் என் பட்டியலில் உள்ள சொல்தான். ஏழாம் நம்பர் மலை என்றால் அது தேயிலை நட்ட ஒரு துண்டு நிலம். தோட்டக் கணக்கில் அது சமதரையாக இருந்தாலும் மலைதான்.) செக்ரோலில் இடப்பக்கம் தொழிலாளரின் பெயர்கள் வரிசையாக நிற்கும்; வலப்பக்கம் மாதத்தின் நாள்கள் கட்டங்களாக ஓடும். ஒருவருடைய பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் விழும் குறிதான் அவருடைய அன்றைய உழைப்புக்கு ஒரே சாட்சி. பெயருக்கு நேரே விழுவதால் அந்தக் குறியே ‘பேர்’ ஆயிற்று என்பது என் ஊகம். குறி பேரானதும், அந்தக் குறி குறிக்கும் நாளும் பேராயிற்று. அந்த நாளுக்குரிய கூலியும் பேராயிற்று. இலக்கணம் படித்த உங்களுக்கு இதை ஆகுபெயர் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொழுந்து எடுப்பவர் நாளின் இறுதியில் நிறையை எட்டியிருந்தால் பேர் விழும். எட்டாவிட்டால் அரைப் பேர். நிறைக்கு மேல் எடுத்த கிலோவுக்குத் தனிக் காசு. பேர் போடுவார்கள், பேர் விழும், பேர் வெட்டுவார்கள். ‘பேர் பதிதல்’ என்பது இவற்றிலிருந்து வேறு: அது ஒருவரைத் தோட்டத்தின் நிரந்தரத் தொழிலாளியாகச் சேர்த்துக்கொள்வது. பேர் பதியாதவருக்கும் ஒரு நாளைக்குப் பேர் விழலாம். பேர் பதிந்தவருக்குப் பேர் விழாமலும் போகலாம். இந்த வாக்கியம் உங்களுக்குக் குழப்பமாக இருக்கிறதல்லவா? எங்கள் லயத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கு இது குழப்பமில்லை. நிறை எட்டாதவருக்கு அரைப் பேர் போடுவது நியாயமா என்பது சங்கங்களும் நிர்வாகங்களும் வாதாட வேண்டிய வேறு வழக்கு. அதை இம்மடலில் நான் எழுப்பவில்லை. நியாயமா என்று வாதாடுவதற்கு முன், வாதி எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது விசாரிப்பவருக்கு விளங்க வேண்டும் என்பது மட்டுமே என் கட்சி.

இனி, ‘பெயர்’ என்பதைப் பார்த்துக்கொள்க என்று எழுதினால் போதாதா என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். போதாது. கூலியைக் குறிக்கும்போது எந்தத் தொழிலாளியும் ‘பெயர்’ என்று சொல்வதில்லை. ‘அரைப் பெயர்’ என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடையாளத்தைக் குறிக்கும்போது எழுத்தில் பெயர், பேச்சில் பேர் என்று இரண்டும் உண்டு. ஆட்களை எண்ணும்போதோ எழுத்திலும் பத்துப் பேர் வந்தார்கள் என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். ஆக, பேச்சில் திரிந்த வடிவம் என்று நீங்கள் கருதும் பேர், சில பொருள்களுக்குத் தனி உரிமை பெற்ற சொல்லாக என்றோ பிரிந்துவிட்டது. அந்த இளம் எழுதுவினைஞர் தடுமாறியதும் இந்தப் பிரிவில்தான் என்று நினைக்கிறேன். மனிதரை எண்ணும் பேரை அரையாக்க முடியாது; அரை மனிதர் என்று ஒருவர் இல்லை. கூலியைக் குறிக்கும் பேரை அவர் அறியமாட்டார். எஞ்சியது அடையாளத்தைக் குறிக்கும் பேர். அதை அரையாக்கலாம், எழுத்துகளைக் குறைத்தால் போதும். அவர் அறிவுக்கெட்டிய ஒரே வழியில் அவர் போனார். அவர் கையில் உங்கள் சொற்றொகுதி இருந்திருந்தாலும் அதே வழியில்தான் போயிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். சிங்களத்திலும் ‘நம’ என்னும் சொல் பெயரையும் குறிக்கிறது, பிக்குமாரை எண்ணவும் பயன்படுகிறது. ஆகையால் பெயர் என்ற சொல் எண்ணிக்கையாகவும் நிற்கும் என்பது சிங்களம் பேசுபவருக்குப் புதுமையன்று. ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் ஒரு நொடியில் பிடித்திருப்பார்.

ஒரு சொல் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பொருள் கொள்வது தமிழுக்குக் குறையன்று, புதிதுமன்று. நிகண்டு செய்தவர்கள் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வதற்கென்றே ஒரு முழுத் தொகுதியை ஒதுக்கினார்கள். ‘பலபொருள் ஒருசொல்’ என்று தொல்காப்பியம் அதற்கு இலக்கணமும் வகுத்திருக்கிறது. ‘பெயர்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். இலக்கண வகுப்பில் அது பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாக விரியும் சொல்வகை. வினையாக வந்தால் இடம்விட்டு நகர்தல்: சுவரில் காரை பெயர்கிறது, சோதிடரிடம் சனி பெயர்கிறது, அகதி புலம்பெயர்கிறார், உங்கள் தொழிலோ மொழிபெயர்ப்பு. பேர் வாங்கினால் புகழ். பேருக்கு ஒன்றைச் செய்தால் அது வெறும் ஒப்பு. ‘மூலம்’ என்று எழுதிப் பாருங்கள்: கணித ஆசிரியர் வர்க்கமூலத்தை நினைப்பார், சோதிடர் நட்சத்திரத்தை நினைப்பார், வைத்தியர் நோயை நினைப்பார், எழுதுவினைஞரோ ‘இக்கடிதம் மூலம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இவர்களில் ஒருவர் மற்றவரைக் கொச்சை பேசுபவர் என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

பௌதிகத்துக்கு நீங்கள் காட்டும் மரியாதையை எண்ணும்போது என் மனக்குறை இன்னும் கூடுகிறது. பாடசாலை விஞ்ஞானத்தில் ‘வேலை’ என்பது விசையையும் அவ்விசையின் திசையில் நடந்த இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது. (அங்கும் ஒரு ‘பெயர்’ வந்துவிட்டது.) அந்த வரைவிலக்கணத்தின்படி, 18 கிலோ கொழுந்தை முதுகில் சுமந்துகொண்டு தராசு வரிசையில் அரை மணிநேரம் அசையாமல் நிற்கும் பெண் கூடையின்மேல் எந்த வேலையும் செய்யவில்லை. இதை வகுப்பில் சொன்னால் எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனாலும் படித்துக்கொள்வார்கள், பரீட்சையில் சரியாக எழுதுவார்கள். ஊரார் அன்றாடம் சொல்லும் வேலை என்ற சொல்லைத் தன் தேவைக்கு இறுக்கிக்கொள்ள விஞ்ஞானத்துக்கு உரிமை உண்டு என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்; கலைச்சொற் தொகுதிகளில் அதற்கு இடமும் கொடுத்தோம். ஊரார் அன்றாடம் சொல்லும் பேர் என்ற சொல்லைத் தன் தேவைக்கு இறுக்கிக்கொள்ளத் தோட்டத் தொழிலுக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை? பௌதிகத்தின் வேலை எவ்வளவு திட்டமானதோ தோட்டத்தின் பேரும் அவ்வளவு திட்டமானது. அதற்கு அளவு உண்டு, பின்னம் உண்டு, மாத இறுதியில் கூட்டுத்தொகை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி தரும் 8 வீதமும் தொழில்தருநர் தரும் 12 வீதமும் அந்தக் கூட்டுத்தொகையிலிருந்தே கணிக்கப்படுகின்றன. ஒன்பது அரைப் பேர் குறைந்தால் அந்தக் கணக்கில் 900 ரூபா குறையும். பணம் கணிக்கப் பயன்படும் ஓர் அலகைக் கொச்சை என்று அழைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இதில் என்னை நான் தப்பவிடவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆறாம் ஆண்டில் ‘பேர்’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். ஒரு சிறுவன் “அம்மாவுக்கு நேற்றுப் பேர் இல்லை” என்று எழுதியிருந்தான். நான் அதைச் சுற்றி வட்டமிட்டு, பிழை என்று எழுதினேன். அவன் கொப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “டீச்சர், உங்க அம்மாவும் மலைக்குத்தானே போனாங்க?” என்று கேட்டான். திமிராகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்கு அன்று கோபம் வந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத பொருள் பொருளே இல்லை என்ற பழக்கத்தை எனக்கு யார் கற்றுத்தந்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். சம்பள நாளில் என் தாயார் மண்ணெண்ணெய் விளக்கடியில் விரல்விட்டு “இந்த மாசம் இருவத்திரண்டு பேரு, அதுல நாலு அரை” என்று எண்ணியதைக் கேட்டு வளர்ந்த நானே அப்படிச் செய்தேன் என்றால், நகரத்தில் வளர்ந்த உங்களைக் குறைசொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் நான் பிழையிட்டது ஒரு சிறுவனின் கொப்பியை. நீங்கள் பிழையிட்டிருப்பது நாடு முழுவதும் உள்ள அலுவலக மேசைகளுக்குப் போகப்போகும் ஒரு நூலை.

தோட்ட வேலைக்கென இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களுக்குப் பேர் என்ற சொல்லோடு உள்ள கணக்கு செக்ரோலில் தொடங்கிச் செக்ரோலில் முடிவதுமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததை ஆவணத்தால் காட்டவேண்டிய நிலை வந்தது. பிறப்பைப் பதியாத, பதிந்தாலும் ஒவ்வொரு புத்தகத்தில் ஒவ்வொரு விதமாகப் பெயர் எழுதப்பட்ட மக்களால் அதை எப்படிக் காட்ட முடியும்? 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக, எழுபத்தையாயிரம் எழுபத்தையாயிரமாகப் பங்கிட்டுக்கொண்டன. அங்கே பேர் என்பது தலைக்கணக்கு. அந்தத் தலைகளுக்கு உரியவர்களின் பெயரை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. இருந்தும் இன்றும் எங்கள் முதியவர்களின் கையில் உள்ள மூன்று ஆவணங்களில் மூன்று விதமாகப் பெயர் இருப்பது சாதாரணம். அத்தையின் நான்கெழுத்தும் ஒன்பதெழுத்தும் அந்த வரலாற்றின் மிச்சம்தான். அதனாலேயே அதிகாரியால் இல்லாத ஒரு முறைப்பாட்டுக்கு ஆதாரம் கண்டுபிடிக்க முடிந்தது. இரண்டு வெவ்வேறு பேர்ப் பிரச்சினைகள் ஒரே பெண்ணின் தலையில் இருந்தன. ஒன்றைச் சொல்ல வந்தவருக்கு மற்றதைத் தீர்த்து அனுப்பினார்கள்.

என் பட்டியலின் மற்றச் சொற்களைப் பற்றி இங்கே நீட்டி எழுத மாட்டேன். மூன்றை மட்டும் தொட்டுச் செல்கிறேன். ‘நிறை’ உங்களுக்கு எடை. விஞ்ஞான ஆசிரியருக்கும் எடை. எங்களுக்கு அது ஒரு நாளைக்கு எடுத்தே ஆகவேண்டிய அளவு. “நிறை குறைந்தது” என்று தொழிலாளி சாட்சி சொன்னால் அவருடைய உடல் மெலிந்தது என்று கோப்பில் எழுதப்படக்கூடும். சிரிக்காதீர்கள், பேருக்கு நடந்தது நிறைக்கும் நடக்கும். ‘லயம்’ சங்கீதக்காரருக்குத் தாளத்தின் ஒழுங்கு. எங்களுக்கு ஆங்கிலத்து லைனிலிருந்து வந்த வரிசை வீடு. ‘துண்டு’ உங்களுக்குத் தோளில் போடுவது. 1921இல் ஒழிக்கப்படும்வரை எங்கள் முன்னோருக்கு அது, இன்ன கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டு. ஒரு மனிதரைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய காகிதம். பழைய ஆவணங்களைப் படிக்கும் மாணவர் ஒருவர் உங்கள் தொகுதியைப் புரட்டினால், துண்டு என்றதும் சால்வையைத்தான் காண்பார்.

தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்கிறது. அந்தத் தமிழுக்குள் கொழுந்து எடுப்பவரின் தமிழும் அடங்குமா, அடங்காதா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் இன்று உங்கள் குழு அமர்ந்திருக்கிறது. ஆகவே பின்வருவனவற்றை உங்களிடம் கோருகிறேன்.

‘பேர்’ என்பதைத் தனிப் பதிவாகச் சேருங்கள். ‘தோட்டத் தொழில்’ என்று துறையைக் குறித்து, அரைப் பேர், முழுப் பேர், பேர் விழுதல், பேர் வெட்டுதல், பேர் பதிதல் ஆகிய தொடர்களுக்குத் தனித்தனியே பொருள் எழுதி, நேரான சிங்கள விளக்கத்தையும் கொடுங்கள். எஞ்சிய 42 சொற்களையும் ஒரே அடைப்புக்குள் வைத்துத் தள்ளாமல் ஒவ்வொன்றாக எடுத்து ஆராயுங்கள். நீக்குவதாயின் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுத்தில் தாருங்கள். அந்த அமர்வில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரும், கொழுந்து எடுக்கும் பெண்கள் இருவரும் இருக்க வேண்டும். அவர்களுக்கு அன்றைய பேர் போகாதபடி நாட்சம்பளத்தை நீங்கள் கொடுக்க வேண்டும்.

உரைபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிப்போரிடம் நான் கேட்பது இது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பணியாற்றப் போகும் ஒவ்வொருவரையும் பயிற்சிக் காலத்தில் ஒரு நாளேனும் அதிகாலைப் பெரட்டிலிருந்து மாலைத் தராசுவரை ஒரு தோட்டத்தில் நிற்க வையுங்கள். தொழில் முறைப்பாடுகளில் சாட்சி சொன்ன தமிழ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே அப்படியே எழுதி, அதன் கீழே மொழிபெயர்ப்பை எழுதும் வழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். அத்தையின் கோப்பில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், அடுத்து வந்த தமிழ் தெரிந்த எவரும் தவற்றைக் கண்டிருப்பார். மேலும், பெருந்தோட்டத் தொழிலாளர் கொடுத்த முறைப்பாடுகளில் ‘பெயர் திருத்தம்’ என்று வகைப்படுத்தி முடிக்கப்பட்ட கோப்புகளைத் திரும்ப எடுத்து, அவற்றுள் சம்பள முறைப்பாடுகள் சிக்கியிருக்கின்றனவா என்று பார்க்குமாறு உரிய அலுவலகங்களுக்கு எழுதுங்கள். அத்தை ஒருவருக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று நம்ப எனக்குக் காரணமில்லை.

இம்மடலுக்குரிய பதிலை ஒரு மாதத்துக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அதன் பிரதி ஒன்றை அத்தைக்கும் தபாலில் அனுப்புங்கள். முகவரியை இத்துடன் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். உறையில் அவருடைய பெயரை, பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி ஒன்பது எழுத்திலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மஸ்கெலியா.